ரோதமுனிக் காற்றாடி

கம்பம் வேண்டாம்! கம்பி வேண்டாம்! மீட்டர் வேண்டாம், பில் வேண்டாம்! கூரை மேல் ஒரு காற்றாடி, வாசலில் ஒரு பல்பு, மனதில் கொஞ்சம் பக்தி இருந்தால் போதும். வீடு தேடி வரும் கரண்ட்!

இப்படி ஒலிபெருக்கியில் அலறிக்கொண்டே ஒரு மஞ்சள் வேன் கிரேமூர் தோட்டத்து மேல் டிவிசனுக்கு ஏறி வந்தது. ஜூலை மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை. கொட்டகலையிலிருந்து மேலே வரும் அந்தப் பாதையைப் பார்த்தால் ஆட்டோக்காரர்களே கும்பிடு போட்டுத் திரும்பிவிடுவார்கள். வேன் ஏறிவிட்டது. எங்கள் ஆட்கள் அதையே முதலாவது அற்புதமாக எடுத்துக்கொண்டார்கள்.

வேனுக்குள் காவி வேட்டி, காவிச் சால்வை, கறுப்புக் கண்ணாடியோடு ஸ்ரீலஸ்ரீ மின்னலானந்தர். முன்சீட்டில் அவருடைய சீடன் கோகுலராஜ். பக்திப் பாட்டெல்லாம் அவனுடைய போனிலிருந்துதான் ஒலிபெருக்கிக்குப் போகும். அதனால் அவனை யாராவது அழைத்தால் முருகன் பாட்டு பாதியில் நின்று, போன் மணி மலை முழுக்க அடிக்கும். "தேவலோகத்து மணி!" என்று சொல்லிக்கொண்டே அவன் அவசரமாக அமத்துவான். நாங்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வோம்.

நாங்கள் என்றால் லயத்தில் வரிசையாக ஒட்டி நிற்கும் இருபத்திரண்டு வீடு, ஒரு கடை. கடை என்னுடையது. அரிசி, பருப்பு, கருவாடு, போன் ரீலோட் எல்லாம் கிடைக்கும். புத்தி மட்டும் ஸ்டாக் இல்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

மேல் டிவிசனுக்கு முன்பு லைன் கரண்ட் இருந்தது. போன மழையில் மண் சரிந்து, கம்பங்கள் ஆற்றோடு போய்விட்டன. பிறகு ஒரு தொண்டு நிறுவனம் வந்து வீட்டுக்கொரு சோலார் பனலும் பற்றரியும் கொடுத்தது. மூன்று பல்பு எரிந்தது. டீவி ஓடியது. போன் சார்ஜ் ஏறியது. இரண்டு மாதம் எல்லாரும் ராஜா மாதிரி இருந்தோம். அப்புறம் ஜூன் வந்தது, மூட்டம் வந்தது, வெயில் குறைந்தது, டீவி பாதி நாடகத்தில் நின்றது. ஜூலை மாதத்தில் மலையில் வெயில் இல்லாதது உலகத்தில் நடக்காத அதிசயமா? எங்களுக்கு அதிசயமாகத்தான் இருந்தது. ஏதோ தோஷம் என்று பேச ஆரம்பித்துவிட்டோம். மின்னலானந்தருக்கு வேலை மிச்சம்.

அவர் நேராகப் போய் இறங்கியது ரோதமுனி கோயிலில். கொழுந்தை அரைக்கும் தேயிலை ஸ்டோரில் மெஷினைச் சுற்றவைக்கும் பெரிய சக்கரத்துக்கு எங்கள் பாட்டன் காலத்துப் பேர் ரோதை. அந்த ரோதைக்குக் காவல் ரோதமுனி. வருசத்துக்கு ஒரு தடவை படையல் வைத்தால் மெஷினில் யார் கையும் மாட்டாது என்று நம்பிக்கை. எங்கள் டிவிசன் ஸ்டோரை மூடிப் பல வருசம். மெஷினைப் பழைய இரும்புக்கு ஏற்றிவிட்டார்கள். முனியை யாரும் ஏற்றவில்லை. சூலத்தோடும் ஒரு கல்லோடும் பூட்டிய ஸ்டோர் வாசலில் அவர் அப்படியே நின்றார்.

"ரோதை இல்லாத ரோதமுனி!" மின்னலானந்தர் நெஞ்சில் அறைந்துகொண்டார். "சுத்துறதுக்கு ஒரு சக்கரம் இல்லாம உங்க முனி அலையிறான்! நீங்க என்னடான்னா சூரிய பகவானைக் கறுப்புக் கண்ணாடிக்குள்ள புடிச்சு அடைச்சு, கூரையில காயப் போட்டிருக்கீங்க! வெயில் எப்படிய்யா வரும்?"

கூட்டம் "ஐயோ!" என்றது. எங்கள் கோயில் தலைவர் பொன்னையா முதல் ஆளாகக் கண்ணைத் துடைத்தார்.

சாமியார் ஒரு தகரக் காற்றாடியை எடுத்தார். திருவிழாக் கடையில் விற்குமே, அதுதான், கொஞ்சம் பெரிது. அதிலிருந்து இரண்டு வயர், வயர் நுனியில் ஒரு ஹோல்டர். சந்தனம் பூசி மஞ்சள் நூல் சுற்றிய ஒரு பல்பு. ஹோல்டருக்குள் மூன்று சொட்டுத் தீர்த்தம் விட்டார். மந்திரம் சொன்னார். பல்பை மாட்டினார்.

பளிச்!

ஏ அப்பா, எழுந்த சத்தத்தைக் கேட்டிருக்க வேண்டும்! குலவை, கைத்தட்டல், விசில். கிடாய் வளர்க்கும் வேலாயி அக்கா இருந்த இடத்திலேயே சாமி ஆடினார். பொன்னையா நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். விழுந்த இடத்தில் சேறு என்பதைக்கூடக் கவனிக்கவில்லை.

இதில் எங்களை மட்டும் குறை சொல்லாதீர்கள். தோட்டத்து மேனேஜர் பெரியதுரையின் பங்களாவுக்குப் பின்னால் ஒரு காற்றாடி நிற்கிறது. நிஜக் காற்றாடி. அது சுற்றினால் பங்களாவில் நிஜமாகவே விளக்கு எரியும். துரைக்கு எரியும்போது முனிக்கு எரியாதா? எங்கள் கணக்கு இதுதான்.

பிறகு விதிமுறைகள் வந்தன. பனலைக் கழற்றிக் காணிக்கையாகக் கொடுத்தால் காற்றாடியும் பல்பும் இலவசம். காணிக்கைப் பனல்கள் ஸ்டோருக்குள் பூட்டியிருக்கும். சாவி சாமியாரிடம். நாலாவது ஞாயிறு, இருபத்திரண்டும் சேர்ந்ததும், கொத்மலை நீர்த்தேக்கத்தில் இறக்கிச் சூரிய பகவானை விடுதலை செய்வார்கள். அதுவரை பல்பு தினமும் அரை மணி நேரம்தான் எரியலாம். மீறினால் முனிக்கு உஷ்ணம் ஏறும். தீர்த்தம் விடாமல் மாட்டக்கூடாது. எரிந்து முடிந்ததும் சிவப்புத் துணியால் துடைத்துவைக்க வேண்டும். வெள்ளிக்கிழமை எல்லாப் பல்பையும் கூடையில் போட்டு வேனில் கொடுத்தால், கொட்டகலை ஆசிரமத்தில் அருள் ஏற்றி ஞாயிற்றுக்கிழமை திரும்பி வரும்.

அருள் ஏற்ற ஏன் இரண்டு நாள் என்று ஒருவரும் கேட்கவில்லை. பல்பு மேலிருந்த எழுத்தை ஏன் சுரண்டியிருக்கிறது என்றும் கேட்கவில்லை.

மூன்று ஞாயிறுகளில் இருபத்தொரு பனல் கூரையிலிருந்து இறங்கியது. மூன்று பல்பும் டீவியும் வைத்திருந்த குடும்பங்கள் இப்போது ஒரு பல்பைச் சுற்றி உட்கார்ந்து, அரை மணி நேரம் கண்கொட்டாமல் பார்த்துவிட்டு, இருட்டில் சோறு தின்றன. தட்டில் கிடப்பது கருவாடா மிளகாயா என்று தெரியாமல் கடித்துத் தொலைத்துவிட்டு, "என்னா வெளிச்சம், என்னா வெளிச்சம்!" என்று வேறு சொல்லிக்கொண்டார்கள்.

இறங்காத அந்த ஒரே பனல் சுலக்ஷனாவுடையது.

சுலக்ஷனா கொழுந்து பறிப்பவள். முப்பத்தைந்து வயது. அட்டைக்கடியும் மழையில் நனைவதும் போதும், இந்தக் கூடையை இறக்கிவைக்க வேண்டும் என்று அவளுக்கு ஒரு வைராக்கியம். அதற்காக சூடு வெளியே போகாத வெள்ளை ரெஜிபோம் பெட்டி ஒன்றில் இரண்டு ஆட்டோ பல்பை மாட்டி, டீவியை நிறுத்தி மிச்சம் பிடித்த பனல் பற்றரியில் அதை எரியவிட்டு, குஞ்சு பொரிக்கும் பெட்டி ஒன்று செய்திருந்தாள். வீடு வீடாகக் கெஞ்சி இருபத்தெட்டு நாட்டுக்கோழி முட்டை சேர்த்தாள். வேன் முதலில் வந்து இரண்டு நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை முட்டை வைத்தாள். பொரிக்க இருபத்தொரு நாள். பெட்டிச் சூடு ஓர் இரவு தணிந்தாலும் மலைக் குளிரில் அத்தனையும் கூழ்முட்டை. பனல் இறங்க வேண்டிய நாலாவது ஞாயிறு, முட்டைக்குப் பத்தொன்பதாவது நாள்.

சாமியாரோ இருபத்திரண்டும் சேர்ந்தால்தான் முனி ஏற்பார் என்று சொல்லிவிட்டார். ஒரு பனல் குறைந்தாலும் அத்தனை வீட்டுக்கும் சாபமாம். லயமே அவளைப் பாவி என்றது. இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், மத்தியானத்தில் பாவி என்று திட்டிய அத்தனை பேரும் சாயங்காலம் ஒவ்வொருவராக அவள் வீட்டுப் பின்கதவைத் தட்டுவார்கள்.

"சுலக்ஷனா, இந்தப் போனைக் கொஞ்சம் சார்ஜுல போடு புள்ள."

"ஏன், முனி போனுக்குக் கரண்ட் குடுக்க மாட்டாரா?"

"அது வந்து... முனிக்கு போனெல்லாம் பழக்கம் இல்லையாம்."

ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன். பாவியின் வீட்டில் பக்தர்களின் போன்கள் பதினேழு.

வெளியே இருந்த எதிரிகளைவிட வீட்டுக்குள் இருந்தவர்தான் அவளுக்குப் பெரிய தலைவலி. புருசன் நல்லமுத்து. தங்கமான மனிதர். யார் எதைச் சொன்னாலும் நம்புவார். சபையில் எழுந்து நின்று, "எங்க வீட்டுப் பனலும் வரும்!" என்று சூலத்தைத் தொட்டுச் சத்தியம் செய்துவிட்டார்.

"என்னைக் கேட்டீங்களா?" என்றாள் சுலக்ஷனா.

"சாமி காரியம் புள்ள. கேக்கக் கூடாது."

"சரி, நான் உங்களை ஒண்ணு கேக்குறேன். பங்களாக் காத்தாடியை மேல ஏத்தினப்ப தூக்கப் போனீங்களே, எத்தனை பேர் தூக்கினீங்க?"

"எட்டுப் பேரு. யம்மா, தோள்பட்டை வீங்கிப் போச்சு. உள்ள பூராக் காந்தமும் செப்புக் கம்பியும்னு எஞ்சினியர் சொன்னாரு."

"சாமியோட காத்தாடியை எத்தனை பேர் தூக்குறீங்க?"

நல்லமுத்து யோசித்தார். "சுண்டுவிரல் போதும்."

"காத்துல கரண்ட் வரும், இல்லேன்னு நான் சொல்லல. காந்தமும் கம்பியும் சுத்தினா வரும். தகரமும் ஆணியும் சுத்தினா சத்தந்தாங்க வரும்!"

"துரை காத்தாடிக்குப் பக்தி இல்ல. அதான் பாரம்," என்றார் நல்லமுத்து. இந்த மனிதரை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்?

நாலாவது ஞாயிற்றுக்கு முந்தின வியாழன் சாயங்காலம். போன் சார்ஜ் போட வந்த வேலாயி அக்கா பேயறைந்த மாதிரி நின்றார். கையில் சிவப்புத் துணியில் சுற்றிய பல்பு.

"சுலக்ஷனா, நான் பெரிய பாவம் பண்ணிட்டேன்டி."

"என்னாக்கா, யாரையும் கொன்னு போட்டீங்களா?"

"அதைவிடப் பெருசு. தீர்த்தம் முடிஞ்சு போச்சு. வேன் நாளைக்குத்தான் வரும். பல்பு எரியாட்டி எனக்குப் பக்தி இல்லேன்னு லயமே பேசுமில்ல? கையில குடிச்ச மிச்சம் தேத்தண்ணி இருந்துச்சு. அதை ரெண்டு சொட்டு..."

"விட்டீங்களா?"

"விட்டேன்."

"எரிஞ்சுச்சா?"

வேலாயி அக்கா குரலைத் தாழ்த்தினார். "பளிச்சுன்னு."

சுலக்ஷனா நெருங்கி வந்தாள். "சீனி போட்டதா, போடாததா?"

"சீனி போட்டதுதான். ஏன்டி, அது இன்னும் பாவமா?"

சுலக்ஷனா சிரித்த சிரிப்பில் சார்ஜில் கிடந்த போன்கள் எல்லாம் கலகலத்தன. பல்பை வாங்கினாள். காற்றாடி இல்லை, வயர் இல்லை. அடியில் இருக்கும் இரண்டு ஈயப் பொட்டை ஒரு கோப்பைத் தேத்தண்ணியில் முக்கினாள். பல்பு எரிந்தது. எடுத்துத் துடைத்தாள், அணைந்தது. முக்கினாள், எரிந்தது.

"இதுக்குள்ள குட்டி பற்றரி இருக்குக்கா. கரண்ட் போனாலும் எரியிற பல்பு. ரெண்டு பொட்டுக்கும் நடுவுல ஈரம் பட்டா எரியும். வெள்ளிக்கிழமை கொண்டுபோய் அருள் ஏத்தல, சார்ஜ் ஏத்துறாங்க!"

நான் மூலையில் நின்று என் போனைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். ஆமாம், நானும்தான் பின்கதவு வழியாக வந்திருந்தேன்.

"கடைக்காரண்ணே, ஞாயித்துக்கிழமை வரைக்கும் வாயைத் திறக்காதீங்க. இப்ப சொன்னா, பாவி ஏதோ சூனியம் வச்சிட்டான்னு சொல்வாங்க. அவர் பல்பை அவர் முன்னாலயே எரிச்சுக் காட்டணும்," என்றாள். நான் தலையாட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை. கூட்டமென்றால் கூட்டம்! கீழ் டிவிசன், பக்கத்துத் தோட்டம், டிக்கோயாவிலிருந்து பஸ் பிடித்து வந்தவர்கள் வேறு. கச்சான் கடலை விற்கிறார்கள், பலூன் விற்கிறார்கள். ரோதமுனி முன்னால் வேலாயி அக்காவின் கிடாய், பெயர் அழகன், நெற்றியில் பொட்டோடு கட்டப்பட்டிருந்தது. பலிக்கு. குட்டியிலிருந்து வளர்த்த கிடாய். வேலாயி அக்கா அதன் பக்கம் பார்க்காமலே நின்றார். ஸ்டோர்க் கதவு திறந்து, இருபத்தொரு பனல் மஞ்சள் துணி சுற்றி வேனில் ஏறியிருந்தது. ஓர் இடம் மட்டும் காலி.

பொன்னையா நாலு பேரோடு ஏணியைத் தூக்கிக்கொண்டு சுலக்ஷனா வீட்டுக்குக் கிளம்பினார். பாதி வழியில் அவளே எதிரே வந்தாள். கையில் தேத்தண்ணி நிறைந்த ஒரு பெரிய கேத்தல்.

"தலைவரே, ஏணி வேணாம். பனலை நானே கழட்டித் தர்றேன். அதுக்கு முன்னால சாமிகிட்ட ஒரு சந்தேகம் கேக்கணும். அவர் சரியாச் சொல்லிட்டா முட்டையையும் சேர்த்துக் காணிக்கையாத் தர்றேன்."

சொல்லிவிட்டு அவள் கேத்தலோடு கோயிலை நோக்கி நடந்தாள். வீட்டில் இருபத்தெட்டு முட்டைக்குள் உயிர் அசைந்துகொண்டிருந்தது. இங்கே தோற்றால் அவ்வளவும் போச்சு, கூடை மறுபடியும் முதுகில். எனக்கு அப்போது என்மேலேயே வெறுப்பாக வந்தது.

வந்தவர்களுக்கெல்லாம் தேத்தண்ணி ஊற்றினாள். சாமியாருக்கும் ஒரு கோப்பை. அவர் ஒரு வாய் குடித்துவிட்டு, "பாவிக்கு நல்ல புத்தி வந்துருச்சு!" என்று ஒலிவாங்கியில் அறிவித்தார். கைத்தட்டல்.

"சாமி, இந்தப் பல்பு யாரால எரியுது?"

"ரோதமுனியால!"

"எது வழியா வர்றாரு?"

"காத்தாடி வழியா! தீர்த்தம் தொட்டு!"

"காத்தாடியையும் தீர்த்தத்தையும் எடுத்துட்டா?"

"இருட்டு!" சாமியார் கையை விரித்தார். "உலகமே இருட்டு!"

"எல்லாரும் கேட்டுக்குங்க," என்றாள் சுலக்ஷனா. முனி முன்னால் காற்றாடியில் எரிந்து தொங்கிய பல்பைக் கழற்றினாள். தன் முந்தானையால் நன்றாகத் துடைத்தாள். சாமியாரின் கோப்பைக்குள் அதன் அடியை முக்கினாள்.

பளிச்!

கூட்டம் கோப்பையைச் சுற்றி நெருங்கியது. பிறகு பொன்னையா மெல்லக் கேட்டார். "தேத்தண்ணிக்கு அருள் வந்திருச்சா?"

சாமியார் சும்மா சொல்லக்கூடாது, கெட்டிக்காரர். பட்டென்று பிடித்துக்கொண்டார். "வந்திருச்சு! என் வாய் பட்ட தேத்தண்ணி! என் எச்சில் வழியா முனி இறங்கிட்டான்!"

"ஆஹா!" என்று கூட்டத்தில் பாதி கன்னத்தில் போட்டுக்கொண்டது. அந்தக் கோப்பையைப் பிடுங்க இரண்டு பேர் பாய்ந்தார்கள். போச்சு, சுலக்ஷனா தோற்றாள் என்றே நினைத்தேன்.

அவள் பல்பைத் துடைத்துக்கொண்டு நேராக அழகனிடம் போனாள். கிடாயின் மூக்கு எப்போதும் ஈரம். அதில் பல்பின் அடியை வைத்தாள்.

பளிச்!

அழகன் "ம்ம்மே" என்றது. கூட்டத்தின் பின்பக்கத்தில் யாரோ முதலில் சிரித்தார்கள்.

"அழகன் சாமியோட எச்சியைக் குடிச்சானா?" என்றாள் சுலக்ஷனா.

"அது... அது பலி ஆடு! முனிக்கு நேர்ந்தது! அதனால..." சாமியாரின் கறுப்புக் கண்ணாடி வியர்வையில் வழுக்கி மூக்கு நுனிக்கு வந்துவிட்டது.

"சரி. ஆடு புண்ணியம் பண்ணின ஆடு. நான் யாரு?"

"நீ பாவி! மகா பாவி!"

"நல்லாச் சத்தமாச் சொல்லுங்க."

"மகா பாவி!" ஒலிபெருக்கியில் மலை எதிரொலித்தது.

சுலக்ஷனா பெருவிரலை நாக்கில் தொட்டாள். பல்பின் அடியில் அழுத்தினாள். பளிச்சென்று எரியும் பல்பைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாள்.

"மகா பாவி கையில எரியுதே சாமி! இப்ப என்னா சொல்றீங்க?"

அவ்வளவுதான், கூட்டம் உடைந்தது! வீட்டுக்கு வீடு ஓடிப் பல்பை எடுத்து வந்தார்கள். ஒருத்தி எலுமிச்சம்பழத்தில் குத்தினாள், எரிந்தது. ஒருவர் வழுக்கைத் தலை வியர்வையில் வைத்தார், எரிந்தது. கச்சான்காரர் தண்ணீர் வாளியில் முக்கினார், எரிந்தது. இரண்டு பெண்கள் ஒரே பல்பை ஆளுக்கொரு பக்கம் பிடித்து நடனமே ஆடினார்கள். மூன்று வாரமாக இருட்டில் மிளகாய் கடித்தவர்கள், பட்டப்பகலில் இருபது பல்பை ஏற்றிவைத்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

ஒரே ஓர் ஆள் மட்டும் சிரிக்கவில்லை. நல்லமுத்து. வீட்டிலிருந்து மிச்ச ஆட்டோ பல்பு ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து சாமியார் முன்னால் நின்றார்.

"சாமி, நான் சூலத்தைத் தொட்டுச் சத்தியம் பண்ணினவன். இது எங்க வீட்டு பல்பு. இதை மட்டும் ஒரு தடவை உங்க காத்தாடியில எரிய வச்சிருங்க. தீர்த்தம் எவ்வளவு வேணும்னாலும் ஊத்துங்க. என் மானம் போகுது சாமி."

மனிதர் நிஜமாகவே கெஞ்சினார். கண் கலங்கியிருந்தது. சாமியார் வேறு வழியில்லாமல் வயரை வைத்தார், மந்திரம் சொன்னார், ஒரு செம்புத் தீர்த்தத்தை ஊற்றினார், காற்றாடியை வாயால் ஊதிக்கூடப் பார்த்தார். ஆட்டோ பல்பு மினுங்கவே இல்லை.

"எட்டுப் பேர் தூக்கினோம்," என்றார் நல்லமுத்து, யாரிடமென்று இல்லாமல். பிறகு காற்றாடியைச் சுண்டுவிரலில் தூக்கிப் பார்த்தார்.

சரியாக அந்த நேரம் முருகன் பாட்டு நின்றது. தேவலோகத்து மணி அடித்தது. கோகுலராஜ் பதற்றத்தில் அமத்தப் போய், பேசும் பொத்தானை அழுத்திவிட்டான்.

ஒலிபெருக்கியில் ஒரு குரல் கணீரென்று கேட்டது. "தம்பி கோகுல், இருபத்திரண்டு பனலும் இன்னைக்கே வருந்தானே? வாங்குற ஆளுங்க கடையில வந்து குந்திட்டு இருக்காங்கப்பா."

மலையெல்லாம் திரும்பச் சொல்லியது. குந்திட்டு இருக்காங்கப்பா, இருக்காங்கப்பா.

"கொத்மலைத் தண்ணிக்குள்ள கடை தொறந்திருக்காங்களா சாமி?" என்று கேட்டார் வேலாயி அக்கா. கேட்டுக்கொண்டே அழகனின் கயிற்றை அவிழ்த்தார்.

வேன் சாவி பொன்னையாவின் மடிக்குப் போனது. ஏமாந்த ஆத்திரத்தில் சிலர் கையை ஓங்கினார்கள். சுலக்ஷனா குறுக்கே வந்தாள்.

"அடிக்காதீங்க. அடிச்சா ஆஸ்பத்திரியில படுத்துக்குவாங்க, பனலை யாரு மாட்டுறது? பொலிஸுக்குச் சொல்லியாச்சு. அவங்க ஏறி வர்றதுக்குள்ள வேலை முடியணும்."

அந்தக் காட்சியைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்! ஸ்ரீலஸ்ரீ மின்னலானந்தர் காவி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தூறலில் வழுக்கும் தகரத்தின் மேல் தவழ்ந்து, ஒவ்வொரு பனலாக மாட்டினார். ஸ்பேனர் பிடித்த கை சும்மா சொல்லக்கூடாது, அனுபவப்பட்ட கை. கீழேயிருந்து கோகுலராஜ் ஆணி எடுத்துக் கொடுத்தான். பெண்கள் கேத்தலோடு நின்று, "சாமி, கொஞ்சம் இடது பக்கம் சாய்ங்க, பகவானுக்கு மூச்சு முட்டுது!" என்று வழி சொன்னார்கள். இருபத்தோராவது பனல் முடியும்போது பொலிஸ் ஜீப் வந்தது.

அந்த இருபத்தோராவது வீடு என்னுடையது.

சொல்லாமல் இருக்கலாமென்றுதான் பார்த்தேன். முதல் ஞாயிறே முதல் ஆளாகப் பனலைக் கழற்றிக் கொடுத்தவன் நான். கொட்டகலை பஸாரில் நான் சாமான் எடுக்கும் கடையில் இதே பல்பு பெட்டி பெட்டியாகத் தொங்கும். மாதத்துக்கு இரண்டு தடவை அதன் கீழேதான் நிற்கிறேன். கொஞ்சம் சந்தனம் பூசினதும் எனக்கு அடையாளம் தெரியவில்லை. இந்த லட்சணத்தில் இவ்வளவு நேரம் மற்றவர்களைக் கிண்டல் பண்ணினேன், பாருங்கள்.

செவ்வாய்க்கிழமை காலையில் நல்லமுத்து என் கடைக்கு ஓடிவந்தார். மூச்சு வாங்கியது. "இருபத்தெட்டுல இருபத்தஞ்சு! இருபத்தஞ்சு குஞ்சு கடைக்காரண்ணே!" அவர் சட்டைப் பைக்குள்ளிருந்து இன்னொரு கீச்சுச் சத்தம் வந்தது. "இல்ல, இருபத்தாறு!"

நான் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடினேன். பெட்டிக்குள் மஞ்சளும் கறுப்புமாக ஈரக் குஞ்சுகள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்துகொண்டிருந்தன. சுலக்ஷனா தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டே சிரித்தாள். கொழுந்துக் கூடை கவிழ்ந்து மூலையில் கிடந்தது. அதன் மேல் ஒரு குஞ்சை விட்டிருந்தாள்.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எங்கள் ஆட்கள் முடிய விடுவார்களா?

அடுத்த வெள்ளிக்கிழமை வேலாயி அக்கா வீட்டு வாசலில் கூட்டம். பூமாலை, ஊதுவத்தி, கற்பூரத் தட்டு. முன்னால் பொன்னையா, பயபக்தியோடு.

"என்னா தலைவரே இது?" என்று கேட்டாள் சுலக்ஷனா.

"சாமியார் பொய்தான், ஒத்துக்குறேன். ஆனா யோசிச்சுப் பாரு புள்ள. அத்தனை பேர் முன்னால அழகன் மூக்குல எரிஞ்சுச்சே! பலியில இருந்தும் தப்பிச்சிருச்சு. அதுக்குள்ள ஏதோ இருக்கு."

சுலக்ஷனா தலையில் அடித்துக்கொண்டாள். "மூக்குல சளி இருக்குங்க! வேற ஒண்ணும் இல்ல!"

யார் கேட்டார்கள்? பொன்னையா கண்ணை மூடிக்கொண்டு, உருகிப்போய், மாலையை அழகனின் கழுத்தை நோக்கி நீட்டினார். பின்னால் நின்றவர்களும் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

கிடாய் மட்டும் கண்ணைத் திறந்து வைத்திருந்தது. மாலையை மேலும் கீழும் பார்த்தது. இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை மோந்து பார்த்தது. பூ நல்ல பூதான் என்று தெரிந்த பிறகு நிதானமாகத் தின்ன ஆரம்பித்தது.

நீட்டியதை எல்லாம் வாங்குவதற்கு முன்னால் அந்த ஆடு செய்த அளவுக்காவது நாமும் செய்யலாம்.